உழைப்பு ஈன்ற யாப்பு

எதுகையும் மோனையும் பாவலர்க்குப் பூட்டிய விலங்குகள் என்பார் உளர். அன்னோர் ஏற்றக் கிணற்றின் கரையில் ஒருநாளும் நின்றறியார்!

ஏற்றமரத்தின்மேல் முன்னும் பின்னும் நடப்போர் கால் பிசகலாகாது. கீழே சால் பிடிப்போன் கையும் அந்நடையோடு இசைதல் வேண்டும். அவ்விசைவைத் தந்தது பாட்டின் சீர். அடுத்த அடியை நாவிற்கு எடுத்துக் கொடுத்தது எதுகை. மடக்கி மடக்கிப் பாடிய அடியோடு எண்ணும் ஏறிற்று. இறைத்த சால் இத்தனையெனத் தெரிந்தது. நடவு வயலில் ஒருத்தி பாட, மற்றையோர் அதனைத் திருப்பிப் பாடும் இடைவெளியில் அவள் மூச்சு வாங்கிக்கொண்டாள். உழைப்போர்க்கு இவை மண்வெட்டி போன்ற கருவிகள்!

இதனை உணர்ந்தன்றோ இளங்கோவடிகள், சிலம்பின் நாடுகாண் காதையில் ஏர்மங்கலத்திற்கும் முகவைப்பாட்டிற்கும் இடமளித்தார்!

நீரிறைக்கும் பொறி வந்தது, ஏற்றம் ஓய்ந்தது. முதுகு முறிக்கும் உழைப்பு ஒழிந்தது நன்றே. அதனோடு பாட்டையும் புதைத்தல் நன்றோ?

இளம்பாவலரே! உம் ஊர் முதியோர் நாவில் எஞ்சியுள்ள பாட்டுகளை இன்றே எழுதிக்கொள்க. அவற்றின் சீரையும் தொடையையும் கற்க. பின்னர் உழவனைப் பாடுக. அவன் வாய்விட்டுப் பாடவியலாத பா, அவனைப் பற்றியதாகலாம், அவனுடையதாகாது.