சீட்டு இல்லை என்றால் கணக்கும் இல்லையா?

"நாளையிலிருந்து வரவேண்டாம்." எஜமானியம்மாள் சொல்வது இவ்வளவுதான். ஏழு வருஷம் பாத்திரம் தேய்த்து, துணி துவைத்து, அந்த வீட்டுக் குழந்தைகளைத் தூக்கி வளர்த்த பெண் வெறுங்கையோடு வாசலைத் தாண்டுகிறாள். மாதம் பாதியில் நிற்கிறது. பாதி மாதச் சம்பளம் கைக்கு வரவில்லை. கேட்டால், "உனக்கும் எங்களுக்கும் என்ன எழுத்து இருக்கிறது?" என்று பதில் வருகிறது.

சித்தையன்கோட்டையிலும் சுற்று வட்டாரத்திலும் உழைப்பாளிக் குடும்பங்கள் எப்படிப் பிழைக்கின்றன என்பதை நமது வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஆண் மில்லுக்கோ வயலுக்கோ போகிறான். பெண் நடவுக்கும் களைக்கும் போகிறாள். வயல் வேலை கிடைக்காதபோது உள்ளூரிலும், செம்பட்டி, சின்னாளபட்டி, திண்டுக்கல் பக்கமும் வீட்டு வேலைக்குப் போகிறவர்கள் உண்டு. அந்தப் பெண் நமது தாய், நமது சகோதரி, நமது மனைவி. அவளுக்கு நேரும் அநீதி நமது குடும்ப விவகாரம் மட்டுமல்ல; தொழிலாளர் பிரச்னை.

மில்லில் வேலை செய்யும் கணவனையும் வீட்டு வேலை செய்யும் மனைவியையும் சட்டம் எப்படி நடத்துகிறது என்று பாருங்கள். ஒரு வருஷம் தொடர்ந்து வேலை பார்த்த மில் தொழிலாளியை ஆட்குறைப்பு என்று அனுப்பினால், ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்குரிய சம்பளம் தரவேண்டும். பூர்த்தியான ஒவ்வொரு வருஷத்துக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம் நஷ்டஈடாகவும் தரவேண்டும். 1953-இல் தொழில் தகராறு சட்டத்தில் 25-எஃப் பிரிவாகச் சேர்ந்த இந்த உரிமை, 2025 நவம்பர் 21-இல் அமலுக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பில் 70-வது பிரிவாக இருக்கிறது. ஆனால் அதே தொகுப்பு, "தொழில்" என்றால் என்ன என்று விளக்கும் இடத்தில், வீட்டு வேலையைப் பெயர் சொல்லி விலக்கி வைத்திருக்கிறது. ஆலையில் இயந்திரத்தைத் துடைத்தால் தொழிலாளி. வீட்டில் தரையைத் துடைத்தால் தொழிலாளி அல்ல! இது என்ன நியாயம்?

ஆனாலும், எழுத்து இல்லாததால் எந்த உரிமையும் இல்லை என்று எஜமானர்கள் சொல்வது வெறும் மிரட்டல். 1872-ம் வருஷத்து ஒப்பந்தச் சட்டப்படி வாய்ப்பேச்சும் ஒப்பந்தம்தான். "மாதம் இவ்வளவு, காலையில் இத்தனை மணிக்கு வா" என்று பேசி, அவளும் வந்து உழைத்துவிட்டால், கூலி என்ற கடன் எஜமானரின் தலையில் ஏறிவிட்டது. போன் மூலம் அனுப்பிய பழைய சம்பளம், "நாளை சீக்கிரம் வா" என்று வாட்ஸ்அப்பில் வந்த செய்தி, தெருவாசிகளின் சாட்சி எல்லாம் அந்த ஒப்பந்தத்துக்கு ருசுதான்.

ஆகவே வேலையை விட்டு நிறுத்தும் எஜமானர் செய்யவேண்டியவை சில உண்டு.

கடைசி நாள் வரை உழைத்த கூலியைப் பைசா பாக்கி இல்லாமல் தரவேண்டும். உடைந்த குடத்துக்கும் காணாமல் போன ஸ்பூனுக்கும் தம் இஷ்டப்படி ஒரு விலை போட்டு அதில் கழிக்க அவருக்கு அதிகாரமில்லை. கூலி பாக்கிக்கு மூன்று வருஷத்துக்குள் வழக்குத் தொடரலாம்.

நியாயமான முன்னறிவிப்பு தரவேண்டும். இல்லையேல் அதற்கு ஈடான சம்பளம் தரவேண்டும். கால அளவு பேசாத வேலை ஒப்பந்தங்களில் கோர்ட்டுகள் ஏற்றுக்கொண்ட பொது நியதி இது. மாதச் சம்பளக்காரிக்கு ஒரு மாதம் என்று கேட்பதில் தவறேதும் இல்லை.

ஆதார் அட்டை, ரேஷன் கார்டு, துணிமணி எதையும் பிடித்து வைக்கக் கூடாது. முன்பணம் வாங்கியிருக்கிறாள் என்பதற்காக, "அது தீரும் வரை போகக் கூடாது" என்று கட்டாயப்படுத்தினால், 1976-ம் வருஷத்துக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் குறுக்கே நிற்கும்.

இன்னொரு தந்திரமும் உண்டு. சம்பளம் கேட்டவுடன் திருட்டுப் பழி! வீட்டில் பூட்டி வைத்து விசாரிக்க எந்த எஜமானருக்கும் அதிகாரமில்லை. அப்படிச் செய்வதே குற்றம். பெண்ணைச் சூரியன் மறைந்த பிறகும் உதிக்கும் முன்பும் போலீஸ் கைது செய்யக் கூடாது. விசேஷ சந்தர்ப்பமாக இருந்தாலும், பெண் அதிகாரி மாஜிஸ்திரேட்டின் அனுமதியை முன்கூட்டியே பெற்றாக வேண்டும். தகாத முறையில் நடந்த எஜமானரை எதிர்த்ததால் வேலை போயிற்று என்றால், 2013-ம் வருஷத்துச் சட்டப்படி வீடும் வேலைத்தலம்தான். மூன்று மாதத்துக்குள் மாவட்ட உள்ளூர்க் குழுவிடம் புகார் செய்யலாம்.

கூலி அளவிலும் சட்டம் இல்லாமலில்லை. தமிழக சர்க்கார் 2018-இல் வீட்டு வேலைக்குக் குறைந்தபட்சக் கூலியை அறிவித்தது. குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே வேலை வாங்குவது கட்டாய உழைப்பே என்று 1982-இல், தில்லி ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில், சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. கணக்குத் தீர்க்கும்போது இந்த வித்தியாசத்தையும் சேர்த்துக் கேட்கவேண்டும்.

இவ்வளவும் கேட்டு வாங்கக்கூடியவை. ஆனால் காரணமின்றி நீக்கினால் வேலையைத் திரும்பப் பெற வழியில்லை. ஏழு வருஷ உழைப்புக்கு நஷ்டஈடு தரும் ஷரத்தும் இல்லை. இந்த ஓட்டையை அடைக்க 1959-லேயே பார்லிமெண்டில் தனிநபர் மசோதாக்கள் வந்தன, சட்டமாகவில்லை. 2011-இல் சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் வீட்டுத் தொழிலாளர்களுக்காக 189-வது உடன்படிக்கையை நிறைவேற்றியபோது இந்தியா ஆதரித்து ஓட்டுப் போட்டது; ஆனால் அதை ஏற்று அங்கீகரிக்கவில்லை. தனிச் சட்டம் தேவையா என்று ஆராயக் குழு அமைக்கும்படி 2025 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் மத்திய சர்க்காருக்கு உத்தரவிட்டது. இத்தனைக்குப் பிறகும் மத்திய சட்டம் என்று ஒன்று இல்லை.

"வீடு என்பது ஆலை அல்ல, நம்பிக்கை போன பிறகு ஒருத்தியை எப்படி வீட்டுக்குள் வைத்துக்கொள்வது?" என்று சிலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். வைத்துக்கொள் என்று நாம் வற்புறுத்தவில்லை. கணக்கைத் தீர்த்து அனுப்பு என்றுதான் சொல்கிறோம். தென்னாப்பிரிக்காவில், ஆறு மாதத்துக்கு மேல் வேலை செய்த வீட்டுத் தொழிலாளிக்கு நான்கு வார நோட்டீஸ் தரவேண்டும் என்பது சட்டம். குவைத்தில் 2015-ம் வருஷத்துச் சட்டம், ஒப்பந்தம் முடியும்போது ஒவ்வொரு வருஷத்துக்கும் ஒரு மாதச் சம்பளம் என்று எழுதி வைத்திருக்கிறது. அங்கேயும் எழுத்து வேறு, நடப்பு வேறாக இருக்கலாம். ஆனால் கடல் கடந்து போன தமிழ்ப் பெண்ணுக்கு எழுத்திலாவது உள்ள உரிமை, திண்டுக்கல்லில் வேலை செய்கிறவளுக்கு எழுத்திலும் இல்லை என்பது நமக்கு வெட்கம் அல்லவா?

எழுத்து இல்லாத உழைப்பாளிக்குச் சட்டப் பாதுகாப்புத் தரமுடியாது என்பதும் பொய். தஞ்சைப் பண்ணையாளுக்கு எந்த மிராசுதார் சீட்டு எழுதிக் கொடுத்தார்? இருந்தும், நினைத்தபோது விரட்டுவதற்கு எதிராக 1952-இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. கிராமம் கிராமமாக விவசாயிகளும் பண்ணையாட்களும் சங்கமாகத் திரண்டு நின்றதுதான் அதை வரவழைத்தது.

வீட்டு வேலைக்காரியின் கஷ்டமும் அங்கேதான் இருக்கிறது. மில்லில் ஆயிரம் பேர் ஒரே வாசலில் நுழைகிறார்கள். இவளோ ஒரு வாசலில் ஒருத்தியாக நிற்கிறாள். அவளுக்குத் துணையாக நிற்கவேண்டியவர்கள் நாம்.

முதல் வேலை, வாரியத்தில் பதிவு செய்வது. 1982-ம் வருஷத்து உடல் உழைப்புத் தொழிலாளர் சட்டத்தின் கீழ் 2007-இல் வீட்டுப் பணியாளர் நல வாரியம் ஏற்பட்டது. 18 முதல் 60 வயது வரை சேரலாம். திண்டுக்கல்லில் உள்ள தொழிலாளர் உதவி ஆணையர் (சமூகப் பாதுகாப்புத் திட்டம்) அலுவலகத்தில் விவரம் கிடைக்கும். விபத்து உதவி, குழந்தைகளின் படிப்பு உதவி, 60 வயதுக்குப் பின் ஓய்வூதியம் ஆகியவற்றோடு, "இவள் தொழிலாளி" என்று சர்க்காரே தந்த ருசுவும் அந்த அட்டைதான்.

இரண்டாவது, சம்பளம் வாங்கும் நாளையும் தொகையையும் ஒரு நோட்டில் எழுதி வைப்பது. எழுதத் தெரியாத அம்மாவுக்குப் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை எழுதட்டும்.

மூன்றாவது, கூலி மறுக்கப்பட்டால் திண்டுக்கல் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போவது. 1987-ம் வருஷத்துச் சட்டப்படி எந்தப் பெண்ணுக்கும், வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல், இலவச வக்கீல் உண்டு. லோக் அதாலத்தில் தீர்ந்தால் கோர்ட் கட்டணமும் இல்லை.

நான்காவது, நமக்கே. சங்கத்தில் சந்தா கட்டும் தோழர் ஒருவர் தம் வீட்டுக்கு ஆள் வைத்திருந்தால், அந்தப் பெண்ணுக்கு வார விடுமுறையும் ஒரு மாத நோட்டீஸும் கொடுக்கிறாரா? மில் வாசலில் கேட்கும் நியாயத்தை வீட்டு வாசலில் மறுக்கக் கூடாது.

மில் சங்கங்களும் விவசாயத் தொழிலாளர் சங்கங்களும் தங்கள் கோரிக்கைப் பட்டியலில் இதையும் சேர்க்கட்டும்: வீட்டு வேலையும் தொழிலே, ஒரு மாத நோட்டீஸ் வேண்டும், வருஷத்துக்கு 15 நாள் சம்பளம் நஷ்டஈடு வேண்டும். மில் தொழிலாளிக்கு உள்ளதற்கு மேல் அவள் எதுவும் கேட்கவில்லை.