இரண்டே பேராம்!

இரண்டாம் உலகப் போர் பேஸ்பாலிடமிருந்து எத்தனை உயிரைக் கொண்டுபோனது என்று அமெரிக்காவில் கேட்டுப் பாருங்கள். "மேஜர் லீக்கில் இரண்டே பேர்: எல்மர் கெடியன், ஹாரி ஓநீல்" என்பார்கள். அதோடு பேச்சு முடிந்துவிடும். அப்படியானால் நாங்கள் யார்? மேஜர் லீக்குக்குக் கீழே இருந்த மைனர் லீக்கில் ஆடி, சீருடை மாற்றிப் போருக்குப் போய், வீடு திரும்பாத நூற்றுக்கும் மேற்பட்டவர்கள்! எங்கள் உடம்பில் பாய்ந்தது குண்டு இல்லையா?

ஓநீல்மேல் எங்களுக்கு வன்மமில்லை. 1939இல் பிலடெல்பியா அணிக்காக ஒரே ஓர் ஆட்டம். மட்டை பிடிக்கும் வாய்ப்புகூட வரவில்லை. 1945 மார்ச் 6 அன்று இவோ ஜிமாவில் விழுந்தார். இரண்டு நாள் கழித்து, அதே தீவில், கண்ணிவெடிக்குக் கால்களைப் பறிகொடுத்துச் செத்தான், விச்சிட்டா ஃபால்ஸில் ஆடிய எங்கள் ஜாக் லம்மஸ். மேஜர் லீக்கில் ஓர் ஆட்டம் கிடைக்காமல் போனது அவன் குற்றமா?

ஜோ பிண்டரைத் தெரியுமா உங்களுக்கு? 1944 ஜூன் 6, அவனுடைய 32ஆவது பிறந்தநாள். ஆண்டுக்கணக்காக மைனர் லீக்கில் பந்து வீசியவன், அன்று பிரான்சின் ஒமாஹா கடற்கரையில் ரேடியோவைச் சுமந்துகொண்டு தண்ணீரில் இறங்கினான். படகைவிட்டுச் சில கஜம் நகர்வதற்குள் குண்டடி. நிற்காமல் ரேடியோவைக் கரை சேர்த்தான். மருத்துவம் வேண்டாமென்றான். ரத்தம் ஒழுக ஒழுக மூன்று தடவை கடலுக்குள் திரும்பிப் போய்க் கருவிகளை மீட்டு வந்தான். மூன்றாம் தடவை கால்களில் குண்டு. அப்போதும் ரேடியோ இணைப்புக்கு உதவிக்கொண்டிருந்தவனை அடுத்த குண்டு முடித்தது. நாடு அவனுக்குத் தன் மிக உயர்ந்த வீர விருதான மெடல் ஆஃப் ஹானர் கொடுத்தது. பேஸ்பாலின் கணக்கில் மட்டும் அவன் வரமாட்டானாம்!

அணி முதலாளிகளே, உயிரோடு இருந்தபோது எங்களை விட்டீர்களா? ஒருதரம் கையெழுத்துப் போட்டால், நீங்களாக விடுவிக்கும்வரை இன்னோர் அணியின் வாசலை மிதிக்க முடியாது. விற்றீர்கள், மாற்றினீர்கள், நினைத்தபோது கழற்றிவிட்டீர்கள். அடிமட்ட லீக்குகளில் மாதம் 100 டாலர்கூடத் தேறாத சம்பளத்துக்கு, இரவெல்லாம் பஸ்ஸில் குலுங்கிப் போய் ஆடினோம். அப்போது உங்கள் சொத்து; செத்த பிறகு யாரோவா?

1942இல் குவாடல்கனால் தீவுப் போரில் உயிர்விட்ட மைனர் லீக் ஆட்டக்காரன் பில்லி ஹெபர்ட்டை ஸ்டாக்டன் நகரம் மறக்கவில்லை. மைதானத்துக்கே அவன் பெயரை வைத்தது. ஒரு நகரத்துக்கு இருக்கும் நன்றி, இத்தனை பெரிய ஆட்டத்துக்கு இல்லாமல் போனதே!

எங்கள் பெயர்களை எழுதுங்கள். ஆடிய ஊர், விழுந்த இடம், அன்றைய வயது. ஆளுக்கு மூன்று வரி போதும். உங்கள் ஆட்டம் எங்கள் வியர்வையையும் தின்றுதான் வளர்ந்தது. எங்களுக்குச் சேரவேண்டியதைத்தான் கேட்கிறோம். பிச்சை கேட்கவில்லை!