பந்து உருளும்போது பிங்கோ எதற்கு?

உதைபந்தாட்டப் போட்டிகளை நண்பர்களோடு கூடியிருந்து பார்க்கும் இரவுகளை எவ்வாறு சுவைபட நடத்தலாம் என்று கொழும்பிலிருந்து வெளிவரும் ஆங்கில வார இதழொன்றின் ஞாயிறு இணைப்பில் முழுப்பக்க ஆலோசனை ஒன்று வெளியாகியிருந்தது. வீட்டை எந்த நாட்டின் வர்ணத்தில் அலங்கரிப்பது, விருந்தினருக்கு எத்தகைய பிங்கோ அட்டைகளை அச்சிட்டுக் கொடுப்பது, மஞ்சள் அட்டை காட்டப்பட்டால் யார் ஒரு மிடறு பருகவேண்டும், அணிகளின் பெயர்களைத் துண்டுக் கடதாசிகளில் எழுதித் தொப்பியிலிட்டுக் குலுக்கும் பணப் பந்தயத்தை எப்படி நடத்துவது என்றெல்லாம் அதில் விரிவாகச் சொல்லப்பட்டிருந்தது. ஆட்டத்தில் ஆர்வமில்லாதவர்கள் சலிப்படையக் கூடாதாம். அதற்காகத்தான் இத்தனையும்.

ஆர்வமில்லாதவர்களை அழைப்பானேன் என்று கேட்பது பண்பாகாது. விருந்தோம்பல் நமது குணம். ஆனால் அவர்களின் சலிப்பைப் போக்குவதற்காக ஆர்வமுள்ளவர்களின் ஆட்டத்தைப் பறிப்பது எந்த வகை விருந்தோம்பல் என்பது எனக்கு விளங்கவில்லை. இவ்விடயத்தில் என் மனத்திலுள்ளதை ஒளிக்காமல் எழுதிவிடுகிறேன். சிலர் முகஞ்சுளிப்பர். பத்திரிகைத் தொழிலில் முடி நரைத்தவனுக்கு அது புதிதன்று.

முதலில் இந்தப் பிங்கோவை எடுத்துக்கொள்வோம். அட்டையிலுள்ள கட்டங்களில் மூலை உதை, மஞ்சள் அட்டை, மத்தியஸ்தரோடு வாக்குவாதம், பயிற்றுநர் தலையிற் கைவைத்தல் என எழுதப்பட்டிருக்கும். நிகழ நிகழக் குறித்துக்கொண்டே வரவேண்டும். இதன் விளைவு யாதெனில், பார்ப்பவனுடைய கண் பந்தை விட்டு அட்டைக்குப் போய்விடுகிறது. கிரிக்கெட்டில் ஒவ்வொரு பந்துக்கும் இடையில் ஓய்வுண்டு. தேநீர் அருந்தலாம், ஊர்க்கதை பேசலாம். உதைபந்தாட்டம் அவ்வாறு அமைந்ததன்று. நாற்பத்தைந்து நிமிடங்களுக்கு அது நமக்காகக் காத்து நிற்பதில்லை.

2022 டிசம்பர் 18 ஆம் திகதி கட்டாரில் நடைபெற்ற உலகக் கிண்ண இறுதியாட்டத்தை நினைத்துப் பாருங்கள். எழுபத்தொன்பது நிமிடங்கள் வரை ஆர்ஜென்டீனா இரண்டுக்குப் பூச்சியம் என முன்னிலை வகித்தது. அதுவரை பிரான்ஸ் அணி களத்தில் இருந்ததா என்பதே சந்தேகம். பின்னர் தண்ட உதை மூலம் ஒரு கோல், அடுத்த 97 வினாடிகளில் இன்னொரு கோல், இரண்டும் எம்பாப்பேயின் காலிலிருந்து. நான் அதைப் பார்த்த வீட்டில் இருபது பேர் கூடியிருந்தோம். முதல் கோலுக்கு யார் ஆடவேண்டும் என்ற வழக்கு அங்கே தீர்வதற்குள் இரண்டாவது கோல் விழுந்துவிட்டது. கூடியிருந்தோரில் பாதிப்பேர் அதைக் காணவில்லை. மீள்காட்சியில் பார்த்தார்கள். மீள்காட்சி என்பது நேற்றைய பத்திரிகை போன்றது. செய்தி இருக்கும், அதிர்ச்சி இராது.

கூடியிருந்து பார்ப்பதற்கு நமக்கு எவரும் பாடம் நடத்தத் தேவையில்லை. 1986 இல் மெக்சிக்கோவில் உலகக் கிண்ணம் நடைபெற்றபோது யாழ்ப்பாணத்தில் வானுயர்ந்த அன்ரெனாக்களை நட்டுத் தூர்தர்ஷனைப் பிடித்துப் பார்த்தோம். காற்றடித்தால் படம் போய்விடும். ஒருவர் வெளியே நின்று குழாயைத் திருப்ப, உள்ளேயிருந்து நாலுபேர் குரல் கொடுப்பார்கள். ஜூன் 22 இல் இங்கிலாந்துக்கு எதிராக மரடோனா கையால் ஒரு கோலும் காலால் ஒரு கோலும் போட்டார். இடையில் நான்கே நிமிடங்கள். முதலாவது பித்தலாட்டம், அடுத்தது மனிதனால் ஆகுமா என்று வியக்க வைத்த ஓட்டம். அந்த நள்ளிரவில் விறாந்தையில் அமர்ந்திருந்த கிழவர்கள் முதல் சிறுவர்கள் வரை ஒருவருக்கும் சலிப்பு ஏற்பட்டதாக நினைவில்லை. அட்டை எதுவும் எங்களிடம் இருக்கவுமில்லை. ஆட்டம் முடிந்தபின் கையா தலையா என்று விடியும்வரை தர்க்கித்தோம். விருந்துக்கு அதுவே விளையாட்டாக இருந்தது.

1990 இல் உலகக் கிண்ணம் இத்தாலியில் ஆரம்பித்த மூன்றாம் நாள் இங்கே மீண்டும் போர் மூண்டது. 1994 சுற்று நடைபெற்றபோது குடாநாட்டில் மின்சாரம் இல்லை. சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட காலம் அது. பஜ்ஜியோ தண்ட உதையை வானத்துக்கு அடித்ததைப் பலர் கண்ணாற் காணாமலே காதால் அறிந்தார்கள். வசதி வந்த பிறகு பார்ப்பதற்குப் பொறுமை போய்விட்டதோ என்று சில வேளைகளில் எண்ணுவதுண்டு.

இனி அந்தத் தொப்பிக்கு வருவோம். என் கோபம் முழுவதும் அதன் மேற்றான். பிங்கோ கண்ணைத்தான் கெடுக்கிறது, இது வேறொன்றைக் கெடுக்கிறது.

முறை எளிது. அணிகளின் பெயர்கள் தொப்பிக்குள். 1998 முதல் 2022 வரை 32 துண்டுகள் போதும், 2026 சுற்று 48 அணிகளுக்கென விரிக்கப்பட்டதனால் துண்டுகளும் பெருகின. ஆளுக்கொரு தொகை கட்டி ஒன்றை எடுக்கவேண்டும். கிண்ணம் வெல்லும் அணி யார் கையிலோ, திரண்ட பணம் அவருக்கு. ஆஸ்பத்திரிச் சுவீப் டிக்கெட் வாங்கிய தலைமுறை நாம், இதிலென்ன குற்றம் என்று கேட்பார்கள். பெரியவர்கள் தமக்குள் விளையாடினால் நானும் கேட்கமாட்டேன். ஆனால் அந்த ஞாயிறு இணைப்பு இதைப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டு ஆடும் குடும்ப விளையாட்டாக எழுதியிருக்கிறது. பத்து வயதுப் பிள்ளை தன் பெயருக்கு விழுந்த அணியைப் பணமாக எண்ணிப் பார்க்கக் கற்றுக்கொள்கிறது. அடுத்த சுற்றில் அதற்குப் பதினான்கு வயது, கையில் தொலைபேசி இருக்கும். அடுத்த மூலை உதை யாருக்கு என்று கேட்டுப் பணம் பிடுங்கும் செயலிகள் அதற்குள் இருக்கும். முதற்படி எங்கே போடப்பட்டது? நம் வீட்டு வரவேற்பறையில்.

மிகைப்படுத்துகிறேன் என்பவர்கள் ஆட்டக்காரர்களையே பார்க்கட்டும். பிரெண்ட்ஃபோர்ட் கழகத்தின் ஐவன் ரோனி பந்தய விதிகளை 232 தடவைகள் மீறியதற்காக 2023 மே மாதத்தில் எட்டு மாதத் தடை பெற்றார். அவர் சூதாட்ட அடிமைத்தனத்துக்கு ஆளாகியிருந்தார் என்பது விசாரணையிலேயே பதிவாயிற்று. அதே ஆண்டு ஒக்டோபரில் நியூகாசிலின் சாண்ட்ரோ தொனாலிக்குப் பத்து மாதத் தடை. கோடிக்கணக்கில் ஊதியம் பெறுபவர்களையே விட்டுவைக்காத நோய் இது. இங்கிலாந்தின் பிரிமியர் லீக் கழகங்கள், சட்டையின் முன்பக்கத்திலிருந்து பந்தய நிறுவனங்களின் பெயர்களை 2025-26 பருவத்தின் முடிவோடு அகற்றுவதாக 2023 ஏப்ரலில் இணங்கின. கையிலே போட்டுக்கொள்ளலாம், மைதான ஓரப் பலகைகளில் போட்டுக்கொள்ளலாம். முன்பக்கம் மட்டும் பரிசுத்தம்! இத்தாலி 2018 இல் சட்டமியற்றிச் சூதாட்ட விளம்பரங்களைத் தடைசெய்தது. அங்கே அரசாங்கமே தலையிட வேண்டியிருந்த ஒன்றை இங்கே நாம் தொப்பியில் வைத்துப் பிள்ளைகளுக்கு நீட்டுகிறோம்.

மஞ்சள் அட்டைக்கு ஒரு மிடறு என்ற விதியைப் பற்றி அதிகம் எழுதவேண்டியதில்லை. பிற்பாதியில் எவருக்கும் அட்டையின் நிறம் தெரிவதில்லை.

வேடப்போட்டி பற்றிச் சொல்லவேண்டும். 2018 சுற்றின்போது தலைநகர விடுதியொன்றில் நடைபெற்ற அத்தகைய இரவுக்குச் செய்தியாளன் என்ற வகையில் நானும் அழைக்கப்பட்டிருந்தேன். செனகல் நாட்டின் இரவாம். நம்மவர்கள் சிலர் முகத்தில் கரி பூசி, இடுப்பில் ஓலை கட்டி, கையில் ஈட்டியோடு வந்திருந்தார்கள். முதற்பரிசும் அவர்களுக்கே கிடைத்தது. அந்தச் சுற்றின் பயிற்றுநர்களில் ஒரேயொரு கறுப்பினத்தவர் செனகலின் அலியூ சிசே என்பதோ, 2002 இல் நடப்புச் சம்பியனான பிரான்ஸை முதலாட்டத்திலேயே வீழ்த்திய அணியின் தலைவர் அவரே என்பதோ, மஞ்சள் அட்டைகளின் எண்ணிக்கையால் உலகக் கிண்ணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முதல் அணியாக 2018 இல் செனகல் ஆனது என்பதோ அங்கே ஒருவருக்கும் தெரிந்திருக்கவில்லை. இலண்டனிலும் சூரிச்சிலும் நம் பிள்ளைகளின் தோல் நிறத்தைப் பழித்தார்கள் என்று பக்கம் பக்கமாக எழுதியவர்கள் நாம். கரி பூசியவர்களில் இருவருக்கு அங்கெல்லாம் உடன்பிறந்தார் உண்டென்பதை நானறிவேன்.

வினாவிடைப் போட்டி இவற்றை விட மேலானது என்பேன், வினாத் தொடுப்பவருக்கு விவரமிருந்தால். அதே இரவில் கேட்கப்பட்ட வினாவொன்று: தன் வலைக்குள் தானே பந்தை அடித்ததற்காகச் சுட்டுக் கொல்லப்பட்ட ஆட்டக்காரர் யார்? சரியான விடைக்குச் சொக்லட் பெட்டி. கூடம் சிரித்தது. கொலம்பியாவின் அந்திரேஸ் எஸ்கொபார் 1994 ஜூன் 22 இல் அமெரிக்காவுக்கு எதிரான ஆட்டத்தில் அந்தத் தவறைச் செய்தார். பத்து நாட்களின் பின் மெடலின் நகரில் கொல்லப்பட்டபோது அவருக்கு வயது 27. பந்தயத்தில் பணமிழந்தவர்களின் சினமே அதற்குப் பின்னால் இருந்தது என்று அக்காலத்தில் பரவலாகப் பேசப்பட்டது. பெயர் கேட்டுச் சுடும் கலாசாரத்தை அனுபவித்த நாட்டில், இரவுச் செய்தி மேசைகளில் அத்தகைய மரணங்களை எண்ணி எண்ணித் தலைப்பிட்டவன் என்ற வகையில், எனக்கு அந்தச் சொக்லட் பெட்டி இன்றைக்கும் கசக்கிறது.

பெண்களுக்கென்று அரைநேர இடைவேளையில் தனியே ஒரு பொதி கைமாற்றும் விளையாட்டை அந்த இணைப்பு பரிந்துரைக்கிறது. இடைவேளை பதினைந்து நிமிடம். அந்தப் பதினைந்து நிமிடமும் அவர்கள் குசினியில் ரோல்ஸ் பொரித்துக்கொண்டிருப்பார்கள் என்பதை எழுதியவர் அறியாதவர் போலும். ஆண்கள் எழுந்து தட்டுகளைக் கழுவும் விளையாட்டொன்றைப் பரிந்துரைத்திருந்தால் அப்பக்கத்தை வெட்டி ஒட்டி வைத்திருப்பேன்.

அப்படியாயின் எந்த விளையாட்டும் கூடாதா என்று கேட்கலாம். கூடும். ஆட்டம் தொடங்குமுன் ஒவ்வொருவரும் முடிவை ஊகித்து எழுதி, கையொப்பமிட்டு, ஒரு போத்தலுக்குள் போட்டு மூடிவிடட்டும். பணமில்லை. ஊகித்தவன் தன் ஊகத்தைக் காப்பதற்காகவேனும் ஆட்டத்தை ஊன்றிப் பார்ப்பான். இடைவேளையில் பிள்ளைகளை முற்றத்துக்கு அனுப்பி இரண்டு செருப்புகளைக் கோல் கம்பமாக வைத்துத் தண்ட உதை அடிக்கவிடலாம். யாழ்ப்பாணத்து ஒழுங்கைகளில் தலைமுறை தலைமுறையாக நடப்பதுதான் அது. ஒவ்வொரு விருந்தினரும் தமக்குரிய அணியின் ஆட்டக்காரர் ஒருவரைப் பற்றி இரண்டு வசனம் அறிந்து வந்து சொல்லட்டும். அவர் எந்த ஊரில் பிறந்தார், எந்தத் தெருவில் பந்தடித்தார் என்று.

நண்பரொருவர் வெள்ளவத்தையில் தம் வீட்டு மாடியில் பெருந்திரை கட்டி நடத்தவிருக்கும் இரவொன்றுக்கு என்னை வினாத் தொடுப்பவராக அழைத்திருக்கிறார். மகிழ்ச்சியோடு இசைந்து நான்கு நிபந்தனைகளை எழுதி அனுப்பினேன். தொப்பி வேண்டாம், கரி வேண்டாம், பந்து உருளும்போது ஒலிவாங்கியை எவரும் தொடக்கூடாது, இடைவேளைப் பலகாரங்களை ஆண்களே பரிமாறவேண்டும். முதல் மூன்றுக்கும் சம்மதம் என்று பதில் வந்திருக்கிறது. நான்காவதைப் பற்றி வீட்டில் கலந்தாலோசித்துச் சொல்வதாக எழுதியிருக்கிறார்.