ஆயாவின் குரலுக்கு யார் தாளம் போடுவது?

பாட்டு என்றால் பிடிக்காதவர் எவரேனும் உண்டா? விடுதியில் காலை மணி அடிக்குமுன்பே யாராவது ஒருத்தி முணுமுணுக்கத் தொடங்கிவிடுகிறாள். அப்படிப்பட்ட எங்களுக்குள்ளே சென்ற ஆண்டு விழாவின்போது ஒரு பாட்டினால் பெரும் பிளவு உண்டாயிற்று என்றால் நம்புவீர்களா? பாட்டினால் என்பதுகூடச் சரியன்று. பாட்டின் வேகத்தினால்! இரண்டு வாரம் உணவுக்கூடத்தில் ஒரு மேசைக்காரர் மறு மேசைக்காரரோடு பேசவில்லை. இப்போது கோபம் ஆறிவிட்டது. ஆயினும் கருத்து ஆறவில்லை. ஆகவே இவ்வாண்டு மலரில் அதை எழுத முன்வந்தோம். மூத்தோர் பொறுத்துக்கொள்வார்களாக.

நடந்தது இதுதான். எங்கள் வகுப்புக்கு நாட்டுப்புற நடனம் ஒதுக்கப்பட்டது. சினிமாப் பாட்டு கூடாது என்பது நிபந்தனை. எங்களில் ஒருத்தியின் ஆயா கும்மி பாடுவதில் பேர்பெற்றவர். கல்வராயன் மலையில் மலையாளிப் பழங்குடி ஊர்களில் பாட்டுக்குப் பஞ்சம் ஏது? விடுமுறைக்கு ஊர் போனவள் ஆயாவைச் சாமைக் களத்து ஓரத்தில் உட்காரவைத்து, கைபேசியில் ஒரு பாட்டைப் பதிந்துகொண்டு வந்தாள். மேளம் இல்லை, தாளம் இல்லை. கையை மட்டும் தட்டிக்கொண்டு பாடுகிறார். இடையில் அடுத்த வீட்டுச் சேவல் இரண்டு முறை கூவுகிறது. பாட்டு 5 நிமிடம் 20 நொடி. விழாவில் ஒரு நிகழ்ச்சிக்கு அளித்த நேரமோ 4 நிமிடம்!

"வேகத்தைக் கூட்டிவிட்டால் போச்சு" என்றாள் ஒருத்தி. கணினி படிக்கும் அண்ணன் ஒருவர் ஒரு மாலையிலேயே அதைச் செய்தும் கொடுத்தார். நிமிடத்துக்கு 120 அடி போகும் ஆயத்தத் தாளம் ஒன்றைக் கீழே ஓடவிட்டு, ஆயாவின் குரலை அதற்குத் தக்கபடி விரட்டியிருந்தார். மிகச் சரியாக 4 நிமிடம். எங்களில் பாதிப்பேர் துள்ளிக் குதித்தோம். மறுவாரம் ஆயா சந்தைக்கு வந்தவர் பள்ளிக்கும் வந்தார். பாட்டைப் போட்டுக் காட்டினோம். தலையைச் சாய்த்துக் கேட்டார். பிறகு, "நல்லாத்தான் இருக்கு கண்ணு. யாரு பாடுறது? எந்த ஊருப் புள்ள?" என்றார்.

பாடியவருக்கே தம் குரல் தெரியவில்லை. ஏன் என்று ஆராயப் புகுந்தோம்.

முதலில் ஆயாவின் வேகம் என்ன என்பதையே நாங்கள் பார்க்கவில்லை. அதைக் கண்டுபிடிக்க எந்தக் கருவியும் வேண்டாம். கடிகாரத்தை வைத்துக்கொண்டு 15 நொடியில் எத்தனை கைத்தட்டு என்று எண்ணி நான்கால் பெருக்கினால் நிமிடத்துக்கு இத்தனை என்ற கணக்கு வந்துவிடும். பாட்டின் தொடக்கத்தில் 21 தட்டு, அதாவது நிமிடத்துக்கு 84. கடைசிக் கண்ணியில் 24 தட்டு, அதாவது 96. ஆயா ஓரிடத்தில் நிற்கவில்லை! வட்டம் சூடு பிடிக்கப் பிடிக்கப் பாட்டும் விரைகிறது. கும்மியின் இயல்பே அதுதானே? கணினியோ குரலில் எங்கெங்கே ஓசை திடீரென்று எழுகிறது என்று பார்த்து அடியை ஊகிக்கிறது. மேளம் உள்ள பாட்டில் அந்த ஊகம் பெரும்பாலும் பலிக்கும். வெறும் குரலில் அடிக்கடி ஏமாந்துவிடும். 90ஐ 180 என்றும் சொல்லும், 45 என்றும் சொல்லும். போதாக்குறைக்கு ஆயாவின் பாட்டு மூன்று மூன்றாக நடக்கும் திஸ்ர நடை. கீழே ஓடிய தாளமோ நாலு நாலாக நடப்பது. ஒரே வேகத்தில் வந்தாலும் இரண்டின் நடையும் ஒட்டுமா?

சராசரியாக 90 என்று வைத்துக்கொள்வோம். அதை 120 ஆக்குவது மூன்றை நான்காக்குவது. பதிவை வெறுமனே வேகமாக ஓட்டினால் சுருதியும் கூடவே ஏறும். நூற்றுக்கு ஆறு பங்கு வேகம் கூடினால் சுருதி அரைக்கட்டை ஏறுகிறது. மூன்று நான்கானால் ஷட்ஜம் இருந்த இடத்துக்குச் சுத்த மத்திமம் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஒரு கட்டையில் பாடியது நாலு கட்டையில் கேட்கும்! சுருதி மட்டுமா? தொண்டையும் வாயும் சிறுத்துப்போனதுபோலக் குரலின் குணமே மாறிக் குழந்தைக் குரலாகிவிடும். 1958இல் அமெரிக்காவில் ராஸ் பாக்தசாரியன் என்பவர் மெதுவாகப் பாடிப் பதிந்ததை இரு மடங்கு வேகத்தில் ஓட்டி, அணில்கள் பாடுவதாக ஒரு கிறிஸ்துமஸ் பாட்டு வெளியிட்டார். குழந்தைகள் கொண்டாடினார்கள். அங்கே அணிலாக வேண்டும் என்பதே நோக்கம். எங்கள் ஆயா அணிலாக வேண்டும் என்று யார் கேட்டார்கள்?

இதே விதி சில வேளை உதவியும் செய்யும். பீட்டில்ஸ் குழுவினர் 1966இல் 'ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ் ஃபாரெவர்' என்ற பாட்டை வெவ்வேறு வேகத்திலும் வெவ்வேறு சுருதியிலும் பதிந்திருந்தார்கள். ஒன்றின் முன்பாதியும் மற்றதன் பின்பாதியும் வேண்டும் என்று ஜான் லெனன் பிடிவாதம் பிடித்தார். ஜார்ஜ் மார்ட்டினும் ஜெஃப் எமெரிக்கும் ஒரு நாடாவைச் சற்று விரைவாக்கி மற்றதைச் சற்றுத் தாழ்த்தினார்கள். வேகமும் சுருதியும் ஒருங்கே பொருந்திவிட்டன. அது அதிருஷ்டம்.

சுருதியை அப்படியே வைத்துக்கொண்டு வேகத்தை மட்டும் மாற்ற இப்போது வழி உண்டு. 1966இலேயே பெல் ஆய்வுக்கூடத்தில் ஃபிளனகன், கோல்டன் என்னும் இருவர் அதற்கான ஒரு கணக்குமுறையை வெளியிட்டார்கள். இன்று இலவசமாகக் கிடைக்கும் ஆடாசிட்டி என்ற மென்பொருளிலேயே வேகம் மட்டும் மாற்றுவது ஒரு கட்டளை, சுருதி மட்டும் மாற்றுவது வேறொரு கட்டளை. இதற்கான முறைகளுள் எளிதானதைச் சொல்கிறோம். குரலை நொடியில் நூற்றுக்குச் சில பங்கே உள்ள சின்னஞ்சிறு துண்டுகளாக நறுக்கி, ஒன்றன்மேல் ஒன்று சற்றே படியும்படி நெருக்கி வைத்தால் பாட்டு குறுகும். தள்ளி வைத்து, இடைவெளியைத் துண்டுகளைத் திரும்பப் போட்டு நிரப்பினால் நீளும். பாய் முடைவதுபோல. பத்தில் ஒரு பங்கு வரை மாற்றினால் காது அவ்வளவாகக் கண்டுகொள்வதில்லை. மூன்றில் ஒரு பங்கு என்றால் குடத்துக்குள்ளிருந்து பேசுவதுபோல் கேட்கிறது. அண்ணனைக் கெஞ்சி இந்த முறையிலும் செய்துபார்த்தோம். இப்போது குரல் ஆயாவினுடையதுதான். ஆனால் மூச்சு இல்லை. ஒரு கண்ணி முடிந்து ஆயா மூச்சு வாங்கும் இடமெல்லாம் அவசர அவசரமாக நெரிந்துபோயிருந்தது.

இன்னொரு தொல்லை தமிழுக்கே உரியது. இதைக் கண்டுபிடித்ததில் எங்களுக்குச் சற்றுப் பெருமையும் உண்டு! முழுப் பாட்டையும் ஒரே அளவில் விரைவாக்கினால் குறிலும் நெடிலும் ஒன்றுக்கொன்று உள்ள அளவு கெடாது. ஆனால் 84க்கும் 96க்கும் இடையே அலையும் பாட்டை அசையாத தாளத்தில் பொருத்த வேண்டுமானால், இந்தச் சொல்லை இழு, அந்தச் சொல்லைச் சுருக்கு என்று இடத்துக்கு இடம் வேறு வேறு அளவில் மாற்றவேண்டியிருக்கிறது. அப்போது குறில் நீண்டு நெடிலாகிறது. மலை மாலையாகிறது! படம் பாடமாகிறது. இழுத்து நிறுத்திய ஓரிடத்தில் வெள்ளிமலை எங்கள் காதில் வெள்ளி மாலையாகவே விழுந்தது. க், ட், த் போன்ற வல்லொற்றுகள் வாய் அடைத்து வெடிப்பவை. அவற்றை நீட்டினால் இருமுறை தட்டும், அல்லது குழைந்துபோகும். நல்ல மென்பொருள்கள் வெடிப்பைத் தொடாமல் உயிரை மட்டும் நீட்டப் பார்க்கின்றன. அப்படியானால் குறில் நெடிலாகும் ஆபத்து இன்னும் கூடுகிறது அல்லவா? மாத்திரைக்கு அளவு கண்ணிமைப்பும் கைநொடியும் என்றார் தொல்காப்பியர். உடம்பே கடிகாரம். ஆயாவின் கைத்தட்டும் அந்த இனத்தைச் சேர்ந்ததுதான்.

இவ்வளவு சொன்னதால், பழைய குரலுக்குப் புதுத் தாளம் கட்டுவதே தவறு என்கிறோம் என்று எண்ணவேண்டாம். சுசான் வேகா என்ற அமெரிக்கப் பாடகி 'டாம்ஸ் டைனர்' என்ற பாட்டை எந்த வாத்தியமும் இல்லாமல் பாடி 1987இல் தம் இசைத்தட்டில் சேர்த்திருந்தார். 1990இல் இங்கிலாந்தில் டி.என்.ஏ. என்று பேர் வைத்துக்கொண்ட இருவர் கேட்காமலே அதற்கு ஒரு நடனத் தாளத்தைக் கட்டி வெளியிட்டுவிட்டார்கள். வழக்குத் தொடுக்காமல் அவருடைய நிறுவனமே அதை வாங்கி வெளியிட்டது. பாட்டு அந்நாட்டு வரிசைப் பட்டியலில் இரண்டாம் இடம்வரை ஏறியது. அப்பாடகி நடந்துபோகிறவர்போல ஒரே சீராகப் பாடியிருந்ததால் தாளம் தானாகவே வந்து ஒட்டிக்கொண்டது. நம் நாட்டில் பெரும்பாலும் வேறு வழி. 1964இல் வந்த 'படகோட்டி' படத்தின் 'தொட்டால் பூ மலரும்' பாட்டை 2004இல் 'நியூ' படத்துக்காக ஏ.ஆர். ரகுமான் புதுப்பித்தபோது, பழைய குரலை இழுக்காமல் ஹரிஹரனைப் புதிதாகப் பாடவைத்தார். 2024இல் 'லால் சலாம்' படத்தில் மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, சாகுல் ஹமீது ஆகியோரின் குரல்களைச் செயற்கை நுண்ணறிவின் துணையால் மீண்டும் ஒலிக்கச் செய்தார் அதே ரகுமான். குடும்பத்தாரிடம் அனுமதி பெற்று, அதற்கு ஊதியமும் கொடுத்ததாக அறிவித்தார். செய்தது சரியா என்று இன்றும் வாதம் நடக்கிறது. ஆனால் கேட்டார். நாங்கள் கேட்டோமா? பக்கத்து ஊரில் உயிரோடிருக்கும் ஆயாவை நாங்கள் கேட்கவில்லையே!

சட்டமும் இதில் உண்டு என்று அறிந்தபோது எங்களுக்கே வியப்பு. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் 2012இல் திருத்தப்பட்டபோது 38பி என்ற பிரிவு சேர்ந்தது. பாடியவர் பெயரைச் சொல்லவேண்டும். அவருடைய பேருக்கு இழுக்கு வரும்படி அவர் பாடியதைச் சிதைத்தால் அவர் தடுக்கலாம். பாடுகிறவர் என்றால் மேடைப் பாடகர் மட்டும் அல்லர். அச்சட்டத்தின் விளக்கத்தில் கழைக்கூத்தாடியும் பாம்பாட்டியும்கூட வருகிறார்கள்! களத்தில் உட்கார்ந்து பாடிய ஆயா வரமாட்டாரா? நேரத்துக்குள் அடங்கும்படி ஒரு பகுதியை நீக்குவது மட்டும் சிதைவு ஆகாது என்றும் அதே பிரிவு சொல்கிறது. இந்தக் கடைசி வரிதான் எங்களுக்கு வழி காட்டியது.

நேரம் போதாமை இன்று பிறந்த தொல்லையும் அன்று. 1902இல் கல்கத்தாவில் கௌஹர் ஜான் கிராமபோனுக்குப் பாடியபோது ஒரு தட்டில் ஏறக்குறைய மூன்று நிமிடமே கொள்ளும். விரிந்து கிடந்த சங்கீதத்தை அதற்குள் அவரே சுருக்கிப் பாடினார். சுருக்கியவர் பாடியவரே என்பதைத் தோழியர் கவனிக்கவேண்டும்.

ஆகவே ஆயாவிடமே போனோம். கச்சிராயபாளையம் சாலையில் பேருந்துக்குக் காத்திருந்தவரைப் பிடித்து, "நாலு நிமிஷத்துக்குள்ள வரணும் ஆயா" என்றோம். அவர் விரல்விட்டு எண்ணினார். "நடுவுல மூணு கண்ணி கல்யாண வீட்டுக்குப் பாடுறது. அது இங்க எதுக்கு? எடுத்துடு" என்றார். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை! எடுத்தோம். 4 நிமிடம் 5 நொடி வந்தது. அந்த 5 நொடியைச் சகோதரி பெரியமனத்தோடு மன்னித்தார். ஆயத்தத் தாளத்தை அறவே நீக்கிவிட்டு, நாங்களே கைதட்டினோம். 84இல் தொடங்கி 96இல் முடிக்கப் பழகுவதற்குப் பத்து நாள் பிடித்தது. 120க்கு ஆடுவது இதைவிட எளிது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். விழாவன்று கைத்தட்டல் எங்களுக்கு வந்ததா, சேவலுக்கு வந்ததா என்பது இன்னும் எங்களுக்குள் வழக்காகவே இருக்கிறது.

இப்போது ஆசிரியைகளுக்கும் பெற்றோருக்கும் எங்கள் வேண்டுகோள். ஊரில் பதிந்த பாட்டு மேடைக்கு வரும்போது பாடியவர் பெயரும் ஊரும் நிகழ்ச்சி நிரலில் அச்சாகவேண்டும். தாளம் கட்ட விரும்புகிறவர்கள் முதலில் குரலின் வேகத்தை எண்ணி, மேளத்தை அதற்குத் தக்கபடி மாற்றட்டும். மேளத்துக்கு உயிர் இல்லை, வலிக்காது. குரலையே மாற்றித் தீரவேண்டுமானால் பாடியவருக்குப் போட்டுக் காட்டிய பிறகே மேடை. மூலப் பதிவு வெட்டாமல் பள்ளி நூலகத்தில் இருக்கட்டும். ஆயாவின் பதிவை, சேவலோடு, ஏற்கெனவே கொடுத்துவிட்டோம். கடைசியாக ஒன்று. நாட்டுப்புறப் பாட்டுக்கு மட்டுமாவது 4 நிமிடத்தை 6 ஆக்கித் தரவேண்டும். தலைமையாசிரியை அவர்களிடம் இதை எழுத்து மூலம் கொடுத்திருக்கிறோம். "மொத்தம் எத்தனை நிகழ்ச்சி என்று பார்த்துவிட்டுச் சொல்கிறேன்" என்றார்கள்.