எஞ்சியது எங்கே போகிறது?



ஓரிடத்தில் எழுப்பப்படும் கட்டடத்தின் விலையை வேறோர் இடத்தார் கொடுக்க நேரிடும் என்பதை வடசென்னை மக்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் துறைமுகச் சுவர்கள் கடலுக்குள் நீண்டபின், தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகன்றது. வடக்கே இராயபுரம், திருவொற்றியூர்க் கரைகளைக் கடல் அரித்தது. தண்ணீரைத் தூய்மையாக்கும் நிலையங்களையும் இந்தப் பாடத்தை மறவாமல் நோக்குதல் நன்று.

மீஞ்சூர்ப் பகுதியில் நிலத்தடி நீரைப் பல்லாண்டுகள் அளவின்றி இறைத்ததால், கடல்நீர் உட்புகுந்து கிணறுகள் உவர்த்தன. 2010-ஆம் ஆண்டில் அதனருகே காட்டுப்பள்ளிக் கடற்கரையில், நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் தரவல்ல நிலையம் திறக்கப்பெற்றது. இத்தகைய நிலையங்களில் கடல்நீர் மிகுந்த அழுத்தத்துடன் நுண்ணிய சவ்வுகளின் வழியே செலுத்தப்படுகிறது. நன்னீர் பிரிந்து வர, உப்பு பின்தங்குகிறது. ஆனால் ஒரு லிட்டர் நன்னீர் பெறும்போது, கடலைப் போல் ஏறக்குறைய இருமடங்கு உப்புள்ள நீர் ஒரு லிட்டருக்கும் மேலாக எஞ்சுகிறது. இத்தகைய நீரைக் கரையோரத்தில் ஒரே இடத்தில் கொட்டினால் மீன்குஞ்சுகள் நலியும். அவற்றை நம்பிய மீனவர் குடும்பங்களின் அடுப்பும் அணையும். குழாயைக் கடலுக்குள் நெடுந்தொலைவு கொண்டு சென்று, பல துளைகளின் வழியே பரவவிட்டால், நீரோட்டம் அதை விரைவில் கலந்துவிடும். இதற்குச் செலவு மிகுதிதான். ஆயினும், அந்தச் செலவைத் தவிர்ப்பது அதனை மீனவர் தலையில் சுமத்துவதே அன்றோ?

கொடுங்கையூர் வேறொரு வழியைக் காட்டுகிறது. அங்கே சுத்திகரிக்கப்பட்ட கழிவுநீரை மீண்டும் தூய்மையாக்கி, மணலித் தொழிற்சாலைகளுக்குக் குழாய்வழி அனுப்பும் நிலையம் 2019-இல் செயலுக்கு வந்தது. அதன் திறன் நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர். ஆலைகள் இந்நீரைக் கொள்ளும் அளவுக்கு ஏரிநீரும் கிணற்றுநீரும் வீடுகளுக்கு மிஞ்சும். எனினும், கழிவுநீர் வந்து சேரும் இடத்தின் அருகே வாழ்வோர்க்கு நாற்றமும் கொசுவும் மட்டுமே பங்காகிவிடலாகாது. எந்தக் கழிவுநீர் நிலையமாயினும், தொட்டிகளை மூடி, வெளியேறும் காற்றை வடிகட்டி, கசடை நாள்தோறும் அகற்றுவது ஆடம்பரம் அன்று. அண்டை வீட்டார்க்குச் செலுத்த வேண்டிய கடன்.

நமது பகுதியில் இத்தகைய நிலையம் ஒன்று திட்டமிடப்படும்போது, குடும்பத்தார் ஒன்றுகூடி மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும். நீர் எங்கிருந்து எடுக்கப்படும்? எஞ்சுவது எங்கே விடப்படும்? அருகில் வாழ்வோரிடம், அடித்தளம் இடுமுன்னரே, யார் பேசினார்கள்? கடலின் போக்கை மீனவரும், கிணற்றின் சுவையை உழவரும், காற்றின் திசையை அங்கே வாழும் தாய்மாரும் அறிவர். அவர்களது அறிவு வரைபடத்தில் இடம்பெறுமானால், பின்னர் கண்ணீருக்கும் வழக்குக்கும் இடமிராது.

நம் வீட்டுக் குடம் நிறையட்டும். அடுத்தவர் கிணறு உவர்க்காமல் நிறையட்டும்.