கணக்குக் கேட்கும் உரிமை

ஆண்டுதோறும் நம் கல்லூரியில் மாணவர் சங்கத் தேர்தல் நடைபெறுகின்றது. அன்று வகுப்பில்லை என்று மகிழ்வார் பலர். வாக்களித்தல் வேண்டும் என்று நினைவார் சிலரே. "யார் வந்தால் நமக்கென்ன?" என வினவுவாரும் உளர். அவ்வினாவிற்கு விடையிறுத்தல் கடமையெனக் கருதி இதனை எழுதத் துணிந்தோம்.

சங்கமென்பது ஆண்டுவிழாவன்று மேடையேறி மாலை சூடிக்கொள்வார் கூட்டமன்று. நாம் செலுத்தும் சந்தாப் பணம் அதன் பொறுப்பில் உள்ளது. நூல்நிலையம் மாலையில் எவ்வளவு நேரம் திறந்திருத்தல் வேண்டும், விடுதியுணவில் உள்ள குறை யாது என்பனவற்றை முதல்வரிடம் எடுத்துரைக்கும் வாயும் அதுவே. ஆயிரம் மாணவருள் இருநூற்றுவரே வாக்களிப்பாராயின், இருவர் போட்டியிடும் தேர்தலில் நூற்றொருவரை வசப்படுத்தியவர் ஆயிரவர்க்கும் தலைவராவார். அந்நூற்றொருவரைச் சேர்க்கத் தகுதி வேண்டா. சாதியும், சொந்த ஊரும், ஒருவேளைச் சிற்றுண்டியும் போதும். ஆதலின், வாக்களியாதவர் நடுநிலைமையாளர் அல்லர். இத்தீமைக்குத் துணைநிற்பவரே ஆவர்.

பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (கி. பி. 919, 921) குடவோலை முறையை விரித்துரைக்கின்றன. வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாதார் பெயரும், அவர்தம் உறவினர் பெயரும் குடத்தில் இடலாகாது என்பது அவ்வூரார் விதி. அது சீட்டெடுப்பேயன்றி வாக்களிப்பன்று, நிலமுடையார்க்கே உரியதுமாகும். எனினும், பொதுப்பணி ஏற்றவர் கணக்குக் காட்டியே தீரவேண்டும் என்னும் நெறி நமக்கும் உரியதன்றோ? 2006-இல் உச்சநீதிமன்றம் ஏற்ற லிங்டோ குழுவின் பரிந்துரைகளும், மாணவர் தேர்தலில் அபேட்சகர் ஒருவர் 5,000 ரூபாய்க்கு மேற் செலவிடலாகாது என்றும், முடிவு வெளியான இரண்டு வாரங்களுக்குள் தணிக்கை செய்த கணக்கை ஒப்படைத்தல் வேண்டும் என்றும் விதிக்கின்றன. விதி ஏட்டில் உள்ளது. அதனை நடைமுறைக்குக் கொணர்வது கேட்பார் குரலே. தேர்தலன்று உறங்கிவிட்டு, ஆண்டிறுதியில் "பணம் எங்கே?" என்று கேட்போமாயின், அக்குரலுக்கு வலிமை ஏது?

1989-இல் நடைமுறைக்கு வந்த 61-ஆம் அரசியலமைப்புத் திருத்தம், நாட்டின் வாக்குரிமை வயதை 21-லிருந்து 18 ஆகக் குறைத்தது. இளைஞர் பொறுப்புணர்வர் என்னும் நம்பிக்கையே அதற்கு அடிப்படை. கல்லூரி வாயிலுக்குள் அந்நம்பிக்கையைப் பொய்ப்பிப்போர் வெளியே அதனை மெய்ப்பிப்பது எங்ஙனம்?

நம் சிற்றாலயத்திற் பன்முறை கேட்ட தாலந்துகளின் உவமையை நினைவு கூர்வோமாக. ஒரு தாலந்து பெற்றவன் அதனைக் களவாடவில்லை, வீண்செலவும் செய்யவில்லை. மண்ணிற் புதைத்து வைத்தான், அவ்வளவே. கணக்குக் கேட்கும் நாளில் அதுவே அவன் குற்றமாயிற்று. நம் கையில் உள்ளதும் ஒரே ஒரு வாக்குத்தான்.

ஆகவே மாணவ அன்பர்காள்! அபேட்சகர் நும் அறைக்கு வருங்கால், அவர் ஊரையும் குலத்தையும் வினவாது, செய்யக் கருதிய காரியத்தையும் செலவையும் வினவுங்கள். பின்னர், தேர்தலன்று வரிசையில் வந்து நில்லுங்கள். கணக்குக் கேட்கும் உரிமை அங்கேயே தொடங்குகின்றது.