கோணல் எவர் செவியில்?

கனடாவின் புல்வெளி மாநிலங்களான மானிட்டோபாவிலும் சஸ்காச்சுவானிலும் வாழும் மேத்தி மக்களின் பிடில் இசையைக் கேட்போருள் சிலர், இனிமை உண்டு, ஆயின் தாள ஒழுங்கு இல்லை என்று தீர்ப்புக் கூறுவர். இத்தீர்ப்பை நாம் ஏற்பதற்கில்லை.

மேத்தியர், பூர்வகுடிப் பெண்டிருக்கும் தோல் வணிகத்திற்கு வந்த பிரெஞ்சு, ஸ்காட்லாந்து ஆடவருக்கும் பிறந்தோரின் வழிமரபினர். பிடில் ஐரோப்பாவிலிருந்து வந்தது. அதனை அவர்கள் செவிவழியே கற்றுத் தமதாக்கினர். ஐரோப்பிய நடன மெட்டில் தொடர்கள் ஒரே அளவில் அமையும். மேத்தியர் மெட்டிலோ ஒரு தொடர் நீளும், மற்றொன்று குறுகும். இதற்கே 'கோணல் மெட்டு' என்று பெயர். தாளமே இல்லையாயின், வாசிப்பவரின் குதிகால்கள் எதனைத் தட்டுகின்றன? 'ரெட் ரிவர் ஜிக்' ஆடுவோரின் கால்கள் பிசகாமல் எதனைப் பின்பற்றுகின்றன?

அவர்களுள் ஒரு சாரார் பேசிய மிச்சிப் மொழியில் பெயர்ச்சொற்கள் பெரும்பாலும் பிரெஞ்சு, வினைச்சொற்கள் கிரீ. அதனைச் சிதைந்த பிரெஞ்சு என்று இன்று எந்த மொழியறிஞரும் கூறார். மொழிக்கு அளிக்கும் நீதியை இசைக்கு மறுப்பது ஏன்?

1885-இல் பட்டோஷ் போரில் தோற்றபின், நிலமிழந்த மேத்தியருள் பலர் சாலைக்கென ஒதுக்கிய அரசு நிலத்தில் குடிசையிட்டு வாழ்ந்தனர். அக்குடிசைகளில் இவ்விசை பிழைத்தது. மறைப்பணியாளர் சிலர் நடன இரவுகளைக் கண்டித்தனர். அதனையும் தாண்டிப் பிழைத்தது. பின்னர் வந்தது நயமான ஆபத்து. கிழக்குக் கனடாவின் டான் மெசர் வானொலியிலும், 1959 முதல் 1969 வரை நாடளாவிய தொலைக்காட்சி நிகழ்ச்சியிலும் வாசித்த சீரான பாணியே பலருக்கு இலக்கணமாயிற்று. தடையால் மாயாதது, பாராட்டும் பரிசும் பெறத் தன்னை நேராக்கிக்கொள்ளத் தலைப்பட்டது.

ஆன் லெடர்மன் மானிட்டோபாவின் முதிய கலைஞர்களிடம் பதிவுசெய்து 1987-இல் இசைத்தட்டுகளாக வெளியிட்டார். மேத்தியரான ஜான் ஆர்க்காண்ட் 1998-இல் சஸ்காச்சுவானில் பிடில் விழா தொடங்கினார். இவை நற்பணிகள். எனினும் பதிவு மட்டும் மரபைக் காவாது. ஆசிரியர் கோணலைக் கோணலாகவே கற்பிக்க வேண்டும். நடுவர் அதற்கு மதிப்பெண் குறைக்கலாகாது. திருத்திக் காப்பது காப்பதன்று.

கோணலை நேராக்கச் சொன்ன இறைவாக்கினர் பாதையைக் குறித்துப் பேசினார். ஏழையின் பாட்டைக் குறித்தன்று.